‘பிறகு’ என்று அழுத்திய மூவர்

கிணத்துக்கடவுக்கு மேற்கே என் தம்பி மகன் நடத்தும் கோழிப்பண்ணை, பக்கவாட்டில் படுதா தொங்கவிட்டு நாலு பக்கமும் அடைத்த ஷெட். ஒரு கோடியில் எட்டுப் பெரிய ஃபேன்கள், மறு கோடியில் தண்ணீர் வழியும் அட்டைத் தடுப்பு. ஃபேன்கள் காற்றை வெளியே இழுக்க, ஈரத் தடுப்பின் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். உள்ளே எண்ணாயிரம் கோழி. வெயில் காலத்து மதியத்தில் ஃபேன் நின்றால் அரை மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொன்றாகக் கழுத்தை நீட்டிப் படுக்கத் தொடங்கிவிடும்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஓட வேண்டும். எங்கள் ஜெனரேட்டருக்குப் பேட்டரி பழசு, பத்துக்கு ஒரு தடவை ஏமாற்றும். அப்படி ஏமாற்றினால் ஷெட்டை ஒட்டிய சிறிய அறையில் யூ.பி.எஸ்ஸில் ஓடும் கம்ப்யூட்டர், சூடு ஏறுவதைப் பார்த்து எங்கள் செல்போன்களுக்கு அபாயச் செய்தி அனுப்பும். சித்திரையில் ஒரு நாள் அப்படி வந்த செய்தியைப் பார்த்துத்தான் தம்பி மகன் தென்னந்தோப்பிலிருந்து ஓடிப் போய்க் கார் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஜெனரேட்டரைக் கிளப்பினான். புதுப் பேட்டரிக்குச் சொல்லி வைத்திருந்தான். கடைக்காரர் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தை மாதம் இறக்கிய குஞ்சில் நோய் விழுந்து நிறையச் செத்துப்போயின. குஞ்சும் தீவனமும் கொடுக்கிற கம்பெனியின் சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த தடவை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் செத்தால் இந்த ஷெட்டுக்கு இனிக் குஞ்சு இறக்க மாட்டோம் என்று மரியாதையாகச் சொல்லிப் போனார். எண்ணாயிரத்துக்கு நானூறு. தம்பி மகனுக்கு அந்த ஷெட்டை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. அன்றிலிருந்து செத்த கோழியை எண்ணுவது என் வேலையாயிற்று. நான் நாற்பது வருடம் நூற்பாலையில் நூலின் கவுண்ட், அதாவது பருமன் அளவு, பார்த்தவன். எண்ணாமல் எனக்கு இருக்க வராது.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். சித்திரைக் கடைசியில் ஒரு மதியம் அந்த அறைக்குள் போனால், திரை நீலமாகக் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றது. தானாக எதையோ புதுப்பித்துக்கொண்டு, தானாக அணைந்து, தானாக மறுபடி கிளம்பியிருக்கிறது. ஆள் வந்து கடவுச்சொல்லைப் போடும் வரை சூடு பார்க்கும் புரோகிராம் ஓடாது. எவ்வளவு நேரம் அப்படி நின்றதோ தெரியாது. அந்த நேரத்தில் கரண்ட் போயிருந்தால் எங்களுக்கு ஒரு செய்தியும் வந்திருக்காது. செல்போன் பேசாமல் இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷெட்டில் தங்கி வேலை பார்க்கும் பீகார்க் கணவன் மனைவி இருவரும் ஒரு கல்யாணத்துக்காக ஒரு மாத லீவில் ஊருக்குப் போயிருந்த சமயம் அது. அன்றே நானும் தம்பி மகனும் அவன் மனைவியும் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். புரோகிராமில் ஒரு வசதி இருந்தது. புதுப்பிப்பு வந்தால் தானாகச் செய்யாமல் நமக்குச் செய்தி அனுப்பும். நாம் ‘இப்போது’ என்றோ ‘பிறகு’ என்றோ செல்போனிலேயே அழுத்தலாம். ‘பிறகு’ என்றால் மறுநாள் காலை எட்டு மணிக்கு மறுபடி கேட்கும். இப்படி ஒன்பது தடவை தள்ளலாம். அதற்கு மேல் கேட்காது, நாம் சொல்லி வைத்த நேரத்தில் தானே செய்துகொள்ளும்.

“எந்நேரம் வெக்கறதுங்க பெரியப்பா?” என்றான் தம்பி மகன்.

“மத்தியானம் ஒரு மணி. ராத்திரி வெச்சா எல்லாரும் தூங்கிப்போட்டிருப்பம். பகல்ல யாராவது ஒருத்தர் இங்க இருப்பமல்ல?”

செய்தி போக மூன்று எண்களுக்கு மட்டும் இடம் இருந்தது. என் எண், தம்பி மகன் எண், அம்மணி என்று நாங்கள் கூப்பிடும் மருமகள் எண். எழுதி முடித்ததும் அவள் சிரித்தாள். “மாமாவுக்கு இனி சோறு தண்ணி வேண்டாமுங்க. போனைப் பாத்துக்கிட்டே உக்காந்துக்குவாங்க.”

வைகாசி பிறந்ததும் முதல் செய்தி வந்தது. வளர்ந்த கோழியைக் கம்பெனி லாரியில் ஏற்ற இன்னும் எட்டு நாள். இப்போது புதுப்பித்தால் ஒரு மணி நேரமாவது புரோகிராம் நின்றுவிடும். கோழியை ஏற்றிவிட்டு, ஷெட் காலியான பின் நிதானமாகச் செய்யலாம் என்று கணக்குப் போட்டேன். எட்டு நாளுக்கு எட்டுத் தடவை. ஒன்று மிச்சம். ‘பிறகு’ என்று அழுத்தினேன். மறுநாளும், அதற்கு மறுநாளும் அழுத்தினேன்.

நாலாம் நாள் விடியக்காலையில் போத்தனூரிலிருந்து செய்தி. எங்கள் பங்காளி ஒருவர், எனக்கு அண்ணன் முறை, தவறிவிட்டார்.

நான் ஷெட்டில் இருக்கிறேன் என்றேன். தம்பி மகன் ஒத்துக்கொள்ளவில்லை. “பங்காளியில இப்ப நீங்கதானுங்க மூத்தவரு. நீங்க இல்லாம எப்படிங்க எடுப்பாங்க? நான் தோள் குடுக்கணும். அம்மணி வராம இருந்தா பொம்பளைங்க பேசுவாங்க.”

“அக்கம்பக்கத்துல யாரையாவது உக்கார வெக்கலாமல்ல?”

“அக்கம்பக்கமும் நம்ம சனந்தானுங்களே. அவங்களும் அங்கதான வாராங்க. மெசேஜ் எதுக்குங்க வெச்சிருக்கறம்? ஏதாச்சும்னா இருபது நிமிசத்துல வந்துரலாம்.”

அவன் சொன்னதில் குறை ஒன்றும் தெரியவில்லை. அறையையும் ஷெட்டையும் பூட்டினோம். சாவிக்கொத்தை வழக்கமான இடத்தில், மோட்டார் ரூம் ஓட்டுச் சரிவில் செருகினேன். ஏழரைக்குக் கார் கிளம்பியது.

எழவு வீட்டில் பங்காளிகள் சட்டையைக் கழற்றிவிட்டு, குளித்துக் குடத்தில் நீர் கொண்டுவரும் நீர்மாலைக்குப் போக வேண்டும். ஈர வேட்டியில் செல்போனை எங்கே வைப்பது? அங்கே ஒப்பாரி நடக்கும்போது பையில் மணி அடித்தாலும் அசிங்கம். இறங்கும்போதே மூன்று செல்போன்களையும் வாங்கி ஒரு துணிப்பையில் போட்டு, காரின் முன்பக்கப் பெட்டியில் நானே வைத்தேன். அரைமணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம். எட்டு மணிக்கு வர வேண்டிய கேள்வியைக்கூட அன்று பார்க்கவில்லை. இறங்கியதுமே கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நீர்மாலை முடிந்து பந்தலில் உட்கார்ந்தபோது உச்சி வெயில். வெளியே பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று சுழற்றி அடித்தது. பந்தல் துணி படபடத்தது. இந்தக் காற்றுக்குத் தென்னை மட்டை விழுந்தால் போதும், கம்பி அறுந்து கரண்ட் போய்விடும் என்று நினைத்தேன். கார்ச் சாவியைக் கேட்டேன்.

“காரை மாப்பள எடுத்துக்கிட்டுப் போயிருக்கறாருங்க. மாலையும் ஐஸும் வாங்கோணும்னாரு” என்றான் தம்பி மகன். இறந்தவருடைய மருமகப் பிள்ளை அவர். பங்காளி இல்லாததால் வெளி வேலையெல்லாம் அவர் தலையில்.

“போனெல்லாம் அதுலதான இருக்குது.”

“வந்துருவாருங்க. ஏனுங்க இப்படிப் பறக்கறீங்க? அமைதியா உக்காருங்க.”

“நான் அமைதியாத்தான் இருக்கறேன். இன்னிக்கு ‘பிறகு’ அமுத்தாம வந்துட்டேன். அதனால ஒண்ணும் இல்ல, இன்னும் ஆறு பாக்கி இருக்குது.”

அவன் திரும்பிப் பார்த்தான். “நான் தினமும் அமுத்தறனுங்களே பெரியப்பா.”

“என்னத்தை?”

“‘பிறகு’ன்னு. எம்பட போன்லயும் வருதல்லங்க. நீங்க மறந்துபோட்டா என்ன பண்றதுன்னு.”

பெண்கள் பக்கம் போய் மருமகளைக் கையசைத்துக் கூப்பிட்டேன். இப்படி ஒரு இடத்தில் மாமனார் முறைக்காரன் கூப்பிடுவதைப் பத்துப் பேர் பார்த்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

“அம்மணி, அந்த மெசேஜுக்கு நீ ஏதாச்சும் அமுத்துனயா?”

“ஆமாங்க மாமா. ‘பிறகு’ன்னு. மூணு நாளும். தப்புங்களா?”

ஆளுக்கு மூன்று. மூன்று பேருக்கு ஒன்பது. எல்லாம் என் கணக்கில்தான் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. இன்று காலை எட்டு மணிக்கு வந்தது கேள்வியாக இருந்திருக்காது. மதியம் ஒரு மணிக்குச் செய்யப் போகிறேன் என்ற அறிவிப்பாக இருந்திருக்கும். பந்தலில் யாரோ ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி நேரம் பார்த்தேன். ஒன்று தாண்டி இருபது நிமிடம்.

கார் வந்தது. மருமகப் பிள்ளை மாலைக் கூடையோடு இறங்கினார். என்னைப் பார்த்ததும், “ஏனுங்க மாமா, பெட்டிக்குள்ள உங்க போனெல்லாம் கத்திக்கிட்டே இருந்துச்சுங்க” என்றார்.

“எடுத்துப் பாக்கறதுக்கு என்னப்பா?”

“அடுத்தவங்க போனை நான் எப்படிங்க எடுக்கறது? மூணுல ஒண்ணு பொம்பளைங்க போனு வேற.”

பையைத் திறந்தேன். காலையில் வந்த அறிவிப்பு. பன்னிரண்டரைக்கு ஒரு நினைவூட்டல். ஒரு மணிக்குக் கடைசிச் செய்தி: மறுதொடக்கம் ஆகிறது. அதற்குப் பின் ஒன்றும் இல்லை. மூன்று செல்போன்களும் பேசாமல் என் மடியில் கிடந்தன. சூடு ஏறினாலும் சொல்ல இப்போது அங்கே யாரும் இல்லை.

ஷெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் யாருக்காவது பேசலாம் என்று பெயர்களைத் தள்ளினேன். முதல் பெயர்க்காரர் எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாமவர் பந்தக்காலில் சாய்ந்து நின்றார். மூன்றாமவர் பாடை கட்ட மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். நான் செல்போனையும் பந்தலையும் மாறி மாறிப் பார்த்தேன். ஷெட்டுக்குப் பக்கத்தில் வீடு இருக்கிற அத்தனை பேரும் என் கண்முன்னால் இருந்தார்கள்.

மருமகள் என் தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “சாக்கு பாய்க்குப் போடுங்க மாமா. இன்னிக்குச் சந்தைக்கு வந்திருப்பாரு.”

காலித் தீவனச் சாக்கு வாங்க வாரத்துக்கு ஒரு முறை கோட்டைமேட்டிலிருந்து மினி ஆட்டோவில் வருகிறவர் அவர். நாலாவது மணியில் எடுத்தார். கிணத்துக்கடவு மேம்பாலத்துக்குக் கீழேதான் இருந்தார்.

“பாய், நம்ம ஷெட்டுக்குச் சித்த ஓடுங்க. ஃபேன் ஓடுதான்னு மட்டும் பாருங்க.”

“வாரனுங்க ஐயா. சாக்கை எறக்கிப்போட்டு...”

“சாக்கு கெடக்கட்டும் பாய்.”

செல்போனில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

தம்பி மகன் பாடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். இன்னும் கால் மணியில் எடுப்பார்கள். தோள் கொடுக்க வேண்டியவன் நகர முடியாது. நான் போகிறேன் என்று ஜாடை காட்டினேன். ஒரு பெரியவர், “எடுக்கறதுக்கு முந்தி மூத்தவரு கெளம்பறதா?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையைத் தலைக்கு மேலே கூப்பிச் சவத்தைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது மருமகள் காரைத் திருப்பி நிறுத்தியிருந்தாள்.

ஈச்சனாரி தாண்டும் முன்பே பாய் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டேன்.

“ஐயா, வந்துட்டனுங்க. சத்தமே இல்லைங்க.”

“ஃபேன் சத்தமா?”

“ஒண்ணுமே இல்லைங்க. ரோட்டு மேல ஒரு மட்டை கம்பியோட விழுந்து கெடக்குது. கரண்ட் இல்ல.”

மருமகள் காரை வேகப்படுத்தினாள். நான் ஜெனரேட்டரின் பச்சைப் பொத்தானை எங்கே தேடுவது என்று சொன்னேன். செல்போன் வழியாக ‘டக், டக்’ என்று மட்டும் கேட்டது.

“கெளம்ப மாட்டீங்குதுங்க.”

“விட்டுருங்க. மோட்டார் ரூம் ஓட்டுல சாவி இருக்குது. ரெண்டு கோடியிலயும் பெரிய கதவைத் தெறந்துருங்க. அப்புறம் பக்கவாட்டுல படுதா. கைப்பிடியைச் சுத்துனா எறங்கும்.”

“உள்ள போறதுக்கு முன்னால மருந்துத் தண்ணியில காலை நனைக்கோணுமுங்களா?”

“ஒண்ணும் நனைக்க வேண்டாம் பாய்.”

“இல்லைங்க, நீங்க எப்பவும் என்னை உள்ளயே விட மாட்டீங்களே, அதனால கேட்டனுங்க.”

மருமகள் அந்த நேரத்திலும் சட்டென்று சிரித்து, உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது கேட்டது. பிறகு அவர் மூச்சு. “ஐயா, உள்ள அனலா அடிக்குதுங்க. எல்லாம் வாயைத் தெறந்துக்கிட்டுக் கெடக்குது. கொஞ்சம் எந்திரிக்கவே இல்லைங்க.”

“படுதாவைச் சுத்துங்க. மேக்குப் பக்கம் முதல்ல. காத்து அங்கிருந்துதான் வருது.”

கைப்பிடி கிறீச்சிடும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நடுவில் நின்றது. “சிக்கிக்கிச்சுங்க” என்றார். மருமகள்தான் செல்போன் பக்கம் குனிந்து, “கயித்தை அறுத்துருங்க பாய், எங்கூட்டுக்காரரு கேட்டா நான் சொல்லிக்கறேன்” என்றாள். கொஞ்ச நேரத்தில் படுதா தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பின் செல்போனில் காற்றின் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் இல்லை. அந்தக் காற்றைக் காலையிலிருந்து பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது அது நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாயின் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. இரண்டு பக்கப் படுதாக்களும் தரையில் கிடந்தன. மருமகள் காரை ஜெனரேட்டருக்கு அருகே ஓட்டி நிறுத்தி, மோட்டார் ரூமிலிருந்து தடித்த ஒயர் இரண்டை எடுத்து வந்து கார் பேட்டரியோடு இணைத்தாள். தம்பி மகன் செய்வதைப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. இரண்டாம் முறை ஜெனரேட்டர் இருமிக்கொண்டு பிடித்தது. எட்டு ஃபேன்களும் ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கின.

அப்புறம் எண்ணினோம். எழவு வீட்டிலிருந்து குளிக்காமல் வந்தவர்கள், அதே துணியோடு. அவளும் பாயும் பொறுக்கி வெளியே போட, நான் எண்ணினேன். அந்தத் தடவை இறக்கிய கோழியில் அதுவரை செத்திருந்தவை இருநூற்றுப் பதினாறு. நானூறைத் தொட நூற்று எண்பத்து நாலுதான் இடம். எண்பதைத் தாண்டியபோது மருமகள், “எவ்வளவுங்க மாமா?” என்றாள். நூற்று இருபதில் மறுபடி கேட்டாள். நூற்று ஐம்பதுக்கு மேல் அவள் கேட்கவில்லை. நான் வாய்விட்டு எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன். வடக்கு மூலையில் ஒரு குவியல் பாக்கி இருந்தது. அதில் பாதி உயிரோடிருந்தது. பாய் ஒவ்வொன்றாக எடுத்துக் கதவோரம் காற்றில் வைத்தார். எல்லாம் முடிந்தபோது நூற்று அறுபத்தொன்பது.

“சொல்லுங்க மாமா.”

“நானூறுக்கு உள்ளதான் இருக்கறம் அம்மணி.”

அவள் தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் தம்பி மகன் ஈரத் தலையோடு வந்தான். சூடு தாக்கிய கோழி இரண்டு மூன்று நாள் செத்துக்கொண்டேதான் இருக்கும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். மறுநாள் காலை இன்னும் ஏழு. அவன் கம்பெனிக்குப் பேசி, உள்ளதைச் சொல்லி, முன்னாலேயே ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டான். சூப்பர்வைசர் வந்து படுதாவையும் அறுந்த கயிற்றையும் பார்த்தார். “பேட்டரி புதுசு போடாம நான் எப்படிங்க மேல எழுதறது?” என்றார். தம்பி மகன் அன்றைக்கே உக்கடத்துக்குப் போய்ப் பேட்டரி வாங்கி வந்தான். அடுத்த நாள் லாரி வந்தது. கடைசிக் கூண்டு ஏறும்போது என் கணக்கு முன்னூற்றுத் தொண்ணூற்றாறு. சூப்பர்வைசர் அவருடைய கணக்கைப் பார்த்தார், என்னுடையதைப் பார்த்தார். “பதினஞ்சு நாள்ல குஞ்சு வரும். ஷெட்டைக் கழுவி வைங்க” என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

ஷெட் காலியான அன்று மறுபடி அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். பாயின் எண்ணைச் சேர்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. இடம் மூன்றுதான். ஒன்றை எடுக்க வேண்டும். ஷெட்டுக்குச் சொந்தக்காரனை எடுக்க முடியாது. மருமகளை எடுக்கலாம் என்று நான் சொன்னேன்.

தம்பி மகன் தரையைப் பார்த்தான். “பெரியப்பா, கோவிச்சுக்காதீங்க. ஜெனரேட்டரைக் கிளப்புனது அம்மணிதானுங்க.”

“அப்ப நானா?”

“நீங்க எங்ககூடவேதான இருப்பீங்க மாமா. எங்களுக்கு வந்தா உங்களுக்கு வந்த மாதிரிதானுங்க” என்றாள் அவள். அதுதான் வந்த வினை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் சொன்னதில் தவறில்லை. போத்தனூரில் நாங்கள் மூவரும் ஒரே பந்தலில் இருந்தோம். அடுத்த சாவுக்கும் கல்யாணத்துக்கும் அப்படித்தான் இருப்போம். நானே என் எண்ணை அழித்தேன். ‘பிறகு’ என்று அழுத்தும் உரிமையும் ஒரே ஒரு செல்போனுக்குத்தான் என்று மாற்றினேன். அதைப் பாய்க்குக் கொடுத்தது என் யோசனை. அவர் ஒருவர்தான் எங்கள் யாருக்காகவும் முந்திக்கொண்டு அழுத்த மாட்டார்.

“எனக்கு இதெல்லாம் தெரியாதுங்களே ஐயா” என்றார் அவர். “வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போனை அமத்தி வெச்சிருவேன், பரவால்லைங்களா?” வெள்ளிக்கிழமைகளில் நான் அந்த அறையை விட்டு நகர மாட்டேன் என்று சொன்னேன்.

புதுக் குஞ்சு வந்து பத்து நாள் ஆகிறது. என் செல்போன் இப்போது பேசாமல் இருக்கிறது. அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், அதில் ஒன்றும் வராது என்று தெரிந்தும். இன்று காலை எட்டு மணி தாண்டி ஐந்து நிமிடத்துக்கு மணி அடித்தது. பாய்.

“ஐயா, வந்திருக்குதுங்க. இப்பவா, பிறகா?”

“இருங்க பாய். நான் அங்க போய்ச் சேந்துக்கறேன்.”

அறைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன். கடவுச்சொல்லை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கதவைத் திறந்து வைத்தேன், ஃபேன் சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று.

“இப்ப அமுத்துங்க.”

திரை அணைந்தது. நான் ஃபேன்களை எண்ணத் தொடங்கினேன்.